இறுக்கினால் அடுத்த அளவு

அன்று சாயங்காலம் ஐந்தரை மணி வேனைப் பிடிக்கும் அவசரம் எனக்கு இல்லாமல் இருந்திருந்தால், தொலைபேசியில் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருப்பேனா? இரண்டு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டிருப்பேன் என்று ஒரு நாள் தோன்றும். எங்கள் தொழிலில் யாரும் அதைக் கேட்பதில்லை, அதனால் கேட்டிருக்கமாட்டேன் என்று மறுநாள் தோன்றும்.

பணி அனுபவத்தை எழுதுகிறவர்கள் வழக்கமாக அறுபதைத் தாண்டியவர்கள். எனக்கு இருபத்தொன்பது வயது. மகனுக்கு இரண்டே முக்கால். ஏழு வருட வேலை முடிந்துவிட்டது. குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டேன் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவே சொல்கிறது. எனக்கும் அப்படிச் சொல்லிக்கொள்வது சுலபம்தான். ஆனால் அது உண்மையில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஜவுளித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியும் முழங்கால் பட்டையும் செய்யும் ஒரு ஆலையில் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் முழங்கால் பட்டை, நரம்பு சுருண்டவர்களுக்கான காலுறை, இடுப்பு பெல்ட் என்று போயிற்று. அந்த வருடங்களில் நான் கற்றது ஊசி எண், நூல் எண், அளவு. அளவு என்றால் ஸ்மால், மீடியம், லார்ஜ். ஒரு நூல் அளவு துணி குறைந்தாலும் மாதிரி அறையிலிருந்து வெளியே போகாது.

மாதிரி அறைக்குப் பொறுப்பு சங்கர்ராஜா சார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பெண்கள் எல்லோரையும் ‘அம்மாயி’ என்றுதான் கூப்பிடுவார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. புதிதாகப் பின்னிய எதையும் முதலில் தன் காலில் மாட்டிக்கொண்டு ஒரு ஷிப்ட் முழுக்க நடப்பார். பேன்ட்டை ஒரு காலில் மட்டும் முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு முதலாளி அறைக்குள்ளேயே போவார். துவைத்துப் பார்க்கும்போது சுத்திகரித்த தண்ணீரை ஊற்றவிடமாட்டார். “வாங்குறவன் வீட்டுல போர் தண்ணிதான் வரும். அதுல துவை அம்மாயி” என்பார். மேல் விளிம்புக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒரு விரல்தான் போனால் பெரிய அளவு, மூன்று போனால் சின்ன அளவு. அவர் அகராதியில் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

நான்காவது வருடம் ஒரு புது மாதிரிக் கால் உறை செய்யும் வேலை வந்தது. இதயம் பலவீனமானவர்களுக்கு உடம்பில் நீர் கோக்கும். முதலில் காலில் தங்கும், பிறகு நுரையீரலுக்கு ஏறும், மூச்சு முட்டும். முட்டுவதற்குச் சில நாள் முன்பே காலில் நீர் ஏறுவதைக் கண்டுபிடித்துவிட்டால் மருந்தைக் கூட்டிச் சமாளித்துவிடலாம். ஊசி குத்தாமல், தினமும் ஆஸ்பத்திரிக்கு அலையாமல், ஒரு துணியே அதைச் சொன்னால் என்ன என்று ராஜபாளையத்தில் ஒரு மருத்துவமனையின் இதய மருத்துவர் கேட்டார். எங்கள் ஆலை ஒத்துக்கொண்டது.

வேலை இப்படி. கணுக்காலிலிருந்து முழங்காலுக்குக் கீழேவரை ஒரு குழல் மாதிரி பின்னல். அதில் நான்கு இடங்களில் வெள்ளிப் பூச்சு நூலால் வளையமாகப் பட்டை. மேல்கோடியிலும் கீழ்க்கோடியிலும் இருக்கும் இரண்டு பட்டைகள் வழியாக, தோலுக்குத் தெரியாத அளவு சின்ன மின்சாரம் போகும். அவற்றுக்கு உள்ளே இருக்கும் இரண்டு பட்டைகள் அதற்குக் கால் எவ்வளவு தடை கொடுக்கிறது என்று பார்க்கும். நீர் கூடினால் தடை குறையும். காலையில் படுக்கையைவிட்டு எழும் முன் அளந்துவிட வேண்டும். உறையோடு இணைத்த செல்போனில் பச்சை வந்தால் நிம்மதி. மஞ்சள் வந்தால் மருத்துவமனை கவனிக்கும். சிவப்பு வந்தால் உடனே கிளம்ப வேண்டும்.

சொல்வதற்கு நான்கு வரி. செய்வதற்கு ஒன்றரை வருடம். வெள்ளி நூல் முறுக்கேறி ஊசியில் அறும். வியர்வை பட்டுக் கறுக்கும். போர் தண்ணீரில் பத்தாவது துவைப்பில் எண்கள் தள்ளாடும். சோதிப்பதற்கு மனிதக் கால் எப்போதும் கிடைக்காதே. கடல்பாசியைக் காய்ச்சி, உப்பு கலந்து, கால் அச்சில் ஊற்றி உறையவைத்து அதற்கு உறை மாட்டுவோம். உப்பைக் கூட்டினால் நீர் ஏறிய கால், குறைத்தால் வற்றிய கால். கேன்டீனில் எங்களுக்குக் கடல்பாசி காய்ச்சித் தரும் அக்கா ஒருநாள்கூடச் சும்மா தந்ததில்லை. “ஏட்டி, இம்புட்டையும் காய்ச்சி உப்பள்ளிப் போடுதியளே. சீனி போட்டிருந்தா செக்சனே உக்காந்து திங்குமே. காலு செய்யுதாளுகளாம் காலு.”

அந்தக் கால் சரியாக வேலை செய்தது. எனக்குப் பெருமை. இன்றைக்கும் அந்தப் பெருமையை விட்டுத்தரமாட்டேன்.

நான் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது, நோயாளிகள் சிலர் வீட்டில் அந்த உறையைப் போட ஆரம்பித்திருந்தார்கள். மகனுக்கு அப்போது ஏழாவது மாதம். பகலில் மாமியார் பார்த்துக்கொள்வார். நான்கு மணி தாண்டினால் எனக்குப் பால் கட்டி மார்பு கனக்கும். ஐந்தரை மணி ஸ்ரீவில்லிபுத்தூர் வேனை விட்டால் அடுத்து பஸ் ஏறி வீடு சேர ஏழு ஆகும். உறை பற்றிய புகார்களுக்குப் பதில் சொல்வதும், மாற்று உறை அனுப்புவதும் என் பொறுப்பு. அதற்கென்று ஒரு பதிவேடு. தேதி, பெயர், கொடுத்த அளவு, புகார், மாற்றிய அளவு, கையெழுத்து. முழங்கால் பட்டைக்கு வைத்திருந்த அதே பதிவேட்டின் அடுத்த பக்கங்கள்தான்.

அன்று ஐந்து மணி இருபத்தைந்து நிமிடத்துக்கு வ. புதுப்பட்டியிலிருந்து புஷ்பம் அக்கா கூப்பிட்டார். அவர் கணவர் அருளப்பன் அண்ணன் மினி பஸ் ஓட்டியவர். மாரடைப்புக்குப் பிறகு இதயம் பலவீனமாகி வண்டியை விட்டிருந்தார். அக்கா வீட்டிலேயே கடைக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறவர்.

“ஏம்மா சுபா, அந்த உறை இறுக்குதும்மா. அவியளுக்குக் காலுல கோடு கோடா விழுந்திருக்கு.”

“துவைச்சதுல சுருங்கிருச்சோ அக்கா?”

“சுருங்குன மாதிரி தெரியல. போன வாரம் சரியாத்தான இருந்துச்சு. நைட்டின்னா நானே ஓரத்தப் பிரிச்சு விட்டிருவேன். இதுல கம்பி கிம்பி இருக்குன்னு கைய வைக்கல.”

“பிரிச்சிராதீங்க அக்கா. மீடியம்தான குடுத்தோம்? லார்ஜ் அனுப்புறேன். அது பெருசு, இனி இறுக்காது.”

பதிவேட்டில் எழுதினேன். புகார்: இறுக்கம். மாற்றியது: லார்ஜ். கையெழுத்துப் போட்டேன். வேனுக்கு இரண்டு நிமிடம் மீதியிருந்தது.

அதன் பிறகு நடந்ததை நான் தெரிந்துகொள்ளப் பத்து நாள் ஆயிற்று. நான் பேசிய அன்று காலையிலேயே மருத்துவமனைத் திரையில் அருளப்பன் அண்ணன் பெயருக்கு நேரே மஞ்சள் வந்திருந்தது. அந்தத் திரை ஆலையில் எங்களுக்குத் தெரியாது. மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டுக் கேட்டபோது, “உறை இறுக்குது, கம்பெனில மாத்தித் தாராக” என்று அக்கா சொல்லியிருக்கிறார். புது உறை வரட்டும் என்று அவர்களும் காத்திருந்தார்கள். லார்ஜ் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை பச்சை. அதற்கு அடுத்த நாளும் பச்சை.

ஒன்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசையின்போது எல்லோரும் எழுந்து நிற்கும்போது அருளப்பன் அண்ணனால் முடியவில்லை. சுவரில் சாய்ந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்திருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மதுரைக்கு. பிழைத்தார். முன்பு டீக்கடைவரை நடந்தவர், இப்போது வீட்டு வாசல்வரை நடக்கிறார்.

அன்று காலையிலும் உறை பச்சைதான் காட்டியது.

உறை ஆலைக்குத் திரும்பி வந்தது. மேல் விளிம்பில் எலாஸ்டிக் தையல் நான்கு விரற்கடை பிரிக்கப்பட்டிருந்தது. இரண்டு நாளில் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை தயாரானது. ‘பயன்படுத்துபவரின் குடும்பத்தினர் உறையைப் பிரித்துவிட்டதால் அளவீடு தவறியது.’ கீழே மாதிரி அறை சார்பில் கையெழுத்துப் போட வேண்டியது நான்.

எனக்கு அந்த வாக்கியம் பிடித்திருந்தது என்று சொல்லத்தான் வேண்டும். படித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நான் பிரிக்காதீர்கள் என்று சொன்னேன், அவர் பிரித்துவிட்டார், முடிந்தது. பேனாவைத் திறந்தும்விட்டேன். ஆனால் மேல் விளிம்பு வெள்ளிப் பட்டைகளுக்கு நான்கு அங்குலம் மேலே இருக்கிறது. அதைப் பிரித்தால் அளவீடு எப்படித் தவறும்? ஏழு வருடம் அளவு பார்த்த கண் விடவில்லை.

கேன்டீன் அக்காவிடம் கடல்பாசி வாங்கினேன். ஒரே கால். முதலில் நல்ல லார்ஜ் உறையை மாட்டி அளந்தேன். பிறகு பிரிக்கப்பட்ட லார்ஜ். இரண்டும் ஒரே எண். பிரித்ததால் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மீடியத்தை மாட்டினேன். தடை சட்டென்று குறைந்தது. கால் அதே கால், உப்பு அதே உப்பு.

அளவு நாடாவை எடுத்தேன். மீடியத்தில் உள் பட்டைகளுக்கு நடுவே பத்து சென்டிமீட்டர். லார்ஜில் பதினொன்றரை. அளவு கூடினால் சுற்றளவு, நீளம், இடைவெளி எல்லாம் கூடும். துணி தைக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் இடைவெளி கூடினால் தடையும் கூடும். காலில் நீர் ஏறியதால் தடை குறைந்துகொண்டிருந்தது. நான் அனுப்பிய பெரிய உறை அதே அளவுக்குத் தடையைக் கூட்டிக் காட்டியது. உறை மாறியது செல்போனுக்குத் தெரியாது. ஒன்றை மற்றொன்று மறைக்க, பச்சை.

மீடியம் உறை சரியாகச் சொன்னது. இறுக்கியும் சொன்னது, மஞ்சள் காட்டியும் சொன்னது. நாங்கள்தான் அதைக் கழற்றச் சொன்னோம்.

அந்தச் சனிக்கிழமை மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வ. புதுப்பட்டிக்குப் போனேன். போகாதே என்று மாமியார் சொன்னார். போகலாமா என்று எனக்கே நூறு தடவை சந்தேகம். புஷ்பம் அக்கா தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

“நாந்தான் பிரிச்சேன்னு எழுதிட்டாகளாமே. உங்க கம்பெனி ஆளு ஒருத்தர் வந்து கையெழுத்துக் கேக்காரு. எம் புருசன் சாகட்டும்னா பிரிச்சேன்?”

“இல்லக்கா. பிரிச்சீங்களா இல்லையான்னு மட்டும்...”

“பிரிச்சேன். பொய் சொல்லமாட்டேன். ரெண்டாவது உறையும் அஞ்சாறு நாள்ல இறுக்குச்சு. மேல நாலு தையல் எடுத்துவிட்டேன்.”

“மறுபடி ஒரு போன் பண்ணிருக்கலாமே அக்கா.”

“நீதானம்மா சொன்ன, அது பெருசு, இனி இறுக்காதுன்னு. படிச்ச பிள்ள சொல்லுது, பொறவு நான் என்னன்னு கூப்புடுவேன்?”

அவர் மெஷின் சக்கரத்தில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

“இருவது வருசமா நைட்டி தைக்கேன். எக்ஸெல் போடுதவ வந்து பத்தலன்னா, நைட்டிய அப்புறந்தான் பாப்பேன். என்னட்டி, சத போட்டுட்டியான்னு மொத அவளத்தான் கேப்பேன். நீ உறையக் கேட்ட. ஆளக் கேக்கலையே.”

கட்டிலில் படுத்திருந்த அருளப்பன் அண்ணன், “விடு புஷ்பம். பிள்ளயோட வந்திருக்கு. செத்த நேரம் உக்காரச் சொல்லு. காப்பி கீப்பி குடு” என்றார். அக்கா காப்பி கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை மெஷினில் தைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை என் எண்களை ஒரு தாளில் எழுதி சங்கர்ராஜா சார் முன் வைத்தேன். அவர் படித்தார். இரண்டு உறையையும் எடுத்துப் பேன்ட்டைச் சுருட்டினார். தன் காலிலேயே முதலில் மீடியம், பிறகு லார்ஜ். தானே அளந்து, தானே எழுதினார். அந்த மனிதரிடம் எனக்கு இன்னும் மரியாதை இருப்பது அதனால்தான். என் தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். அவர் அளந்தார்.

“சரியாத்தான் இருக்கு. ஆனா இது போனா ப்ராஜெக்ட் நின்னுரும் அம்மாயி.”

“நிக்கணும்னு சொல்லல சார். எழுதணும்னு சொல்றேன்.”

“ரிஜிஸ்டர்ல மாத்தி அனுப்புனது உன் கையெழுத்து.”

“ஆமா சார். அதையும் எழுதுங்க. லார்ஜ்ல பட்டை இடைவெளியக் கூட்டுன அளவுச் சார்ட்டுல யார் கையெழுத்து சார்?”

காலிலிருந்த லார்ஜைக் கழற்றினார். “என்னுது” என்றார்.

“அப்ப ரெண்டு கையெழுத்தையும் போடலாம். புஷ்பம் அக்கா பேரு வேண்டாம்.”

அவர் பேன்ட்டை இறக்கிவிட்டார். குரலும் இறங்கியது. “உனக்கு நல்லதுக்குச் சொல்றேன். பிள்ள பெத்து இப்பத்தான் வந்திருக்க. மனசு வீட்டுல கெடக்கும். அதனால கவனம் தப்பிருச்சுன்னு ஒரு வரி போட்டா யாரும் உன்ன ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

அவர் உண்மையிலேயே எனக்கு உதவத்தான் நினைத்தார். ஆனால் அந்த ஒரு வரி எழுதப்பட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பிறகு விடுப்பு முடிந்து வரும் ஒவ்வொரு பெண்ணையும் பதிவேட்டுப் பக்கமே விடமாட்டார்கள். அளவுச் சார்ட் அப்படியே இருக்கும். இன்னொரு அருளப்பன் அண்ணனுக்கு இன்னொரு லார்ஜ் போகும். என் மனம் எங்கே கிடந்தது என்று நான் என்னைக் கேட்டுக்கொள்வேன். பதிவேட்டில் ஏழு வருடமாக இறுக்கம் என்று வந்த எல்லாவற்றுக்கும் அடுத்த அளவு அனுப்பியிருக்கிறோம். பிள்ளை பெறாத வருடங்களிலும் அப்படித்தான் அனுப்பினேன். பிள்ளையே பெறாத ஆண்களும் அப்படித்தான் அனுப்பினார்கள்.

“அந்த வரி வேண்டாம் சார். போட்டா நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

போடவில்லை. என் தாளை நகலெடுத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆட்டோ பிடித்துப் போய் அந்த இதய மருத்துவரிடம் கொடுத்தேன். வேலை போய்விடுமா, வீட்டுக் கடன் தவணை என்ன ஆகும், கணவரிடம் கேட்காமல் வந்துவிட்டேனே என்று வழியெல்லாம் யோசனை. மருத்துவர் இரண்டு தடவை படித்துவிட்டு, மற்ற நோயாளிகளில் யார் யாருக்கு அளவு மாறியது என்று மட்டும் கேட்டார். பதிவேட்டிலிருந்து எழுதிக்கொண்டு போயிருந்தேன். இன்னும் இரண்டு பேர். அன்றைக்கே அவர்களை வரவழைத்துப் பார்த்தார். இறுதி அறிக்கையில் பட்டை இடைவெளி இருந்தது, அளவு மாற்றம் இருந்தது. புஷ்பம் அக்கா பெயர் இல்லை. சோதனை நிறுத்தப்பட்டது.

அடுத்த வாரம் என்னைப் பேண்டேஜ் சுருள் வெட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் வெட்டினேன். பிறகு ராஜினாமா எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ‘குடும்பச் சூழல்’ என்று போடச் சொன்னார்கள். ‘உறை அளவு பற்றி நான் எழுதியதற்காக வேறு பகுதிக்கு மாற்றப்பட்டேன்’ என்று போட்டேன். வாங்க மறுத்தார்கள். மறுநாளும் அதே தாளைக் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் வாங்கிக்கொண்டார்கள்.

சரியாகச் செய்தேனா என்று இன்னும் பயம் வரும். ஆலைக்கு உள்ளேயே இருந்திருந்தால் உறையைச் சீக்கிரம் சரி செய்திருக்கலாமோ என்று தோன்றும். மகனின் கணுக்காலில் சாக்ஸ் தடம் பதிந்திருந்தால் ஒரு நிமிடம் அழுத்திப் பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை. ஆனால் அந்தக் காகிதத்தில் எழுதியதற்கு மட்டும் நான் வருந்தவில்லை. துணியால் நோயைப் பார்க்க முடியாது, இதெல்லாம் விளையாட்டு என்று யாராவது சொன்னால் இப்போதும் சண்டைக்குப் போவேன். துணி பார்த்தது.

சென்ற மாதம், என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் காயத்ரி கூப்பிட்டாள். உறை வேலை மறுபடி ஆரம்பிக்கிறது. எல்லா அளவிலும் பட்டை இடைவெளி ஒன்றாக ஆக்கிவிட்டார்களாம். சங்கர்ராஜா சாரே சார்ட்டை மாற்றியிருக்கிறார். புகாருக்குத் தனிப் படிவம் போடுகிறார்கள். “அக்கா, இறுக்குதுன்னு யாரும் சொன்னா, மாத்தி அனுப்பறதுக்கு முன்னாடி கேக்க ஒரே ஒரு கேள்வி வேணும். நீங்க எழுதிக் குடுங்க. ஒண்ணுக்கு மேல இடமில்லன்னு சார் சொல்லிட்டார்.”

‘காலில் வீக்கம் இருக்கிறதா?’ என்று எழுதினேன். எழுதியதும் சந்தேகம் வந்தது. புதுப்பட்டிக்குக் கூப்பிட்டு அருளப்பன் அண்ணனிடமே கேட்டேன். அந்த வாரம், நான் லார்ஜ் அனுப்பிய வாரம், காலில் வீக்கம் இருக்கா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

“வீக்கமா? அதெல்லாம் இல்லன்னுதான் சொல்லிருப்பேன். செருப்புதான் மழைல நனைஞ்சு சுருங்கிப் போச்சேன்னு வஞ்சுக்கிட்டு இருந்தேன்.”

பின்னாலிருந்து புஷ்பம் அக்கா குரல். “இடுப்புல கைலி மடிப்பு நிக்கலன்னும் வஞ்சாக. துணி சரியில்லையாம்.”

கேள்வியை அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு ஏழெட்டு விதமாக எழுதி அடித்திருக்கிறேன். மாதக் கடைசிக்குள் காயத்ரிக்கு அனுப்பியாக வேண்டும். அந்தக் கேள்வி தவறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது இதய பலவீனத்தால் நீர் கோத்துக் கஷ்டப்பட்டவர்கள் இருந்தால் எனக்கு ஆலோசனை சொல்லுங்கள். மூச்சு முட்டுவதற்கு முந்தைய நாட்களில் அவர்கள் என்ன சொன்னார்கள், எந்தச் சொல்லில் சொன்னார்கள்? மருத்துவர் சொல்லும் சொல் வேண்டாம், வீட்டில் சொன்ன சொல் வேண்டும். எப்படிக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றுதான் அவர்கள் சொன்னார்கள் என்றால், அந்த வாரம் எந்தப் பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதையாவது எழுதுங்கள்.